தேடிய அளவில் வில்லங்கம் இல்லை

ஆரம்பநிலை இரைப்பைப் புற்றுநோய் என்னும் தொடரில் ‘ஆரம்பம்’ என்ற சொல் காலத்தைக் குறிப்பதாகவே பெரும்பாலோர் எடுத்துக்கொள்கின்றனர். நோய் தோன்றி நெடுநாள் ஆகவில்லை, பரவுவதற்கு அதற்கு அவகாசம் கிடைத்திருக்காது, ஆகவே வெட்டி எடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்ற பொருள் அச்சொல்லின் மேல் தானாகவே வந்து ஏறிக்கொள்கிறது. மருத்துவ நூல்களில் அது குறிப்பதோ ஆழத்தை மட்டுமே. இரைப்பையின் சுவர், உள்ளிருந்து வெளியாக, நான்கு படலங்களால் ஆனது: உணவைத் தொடும் சளிப்படலம், அதன் கீழே இரத்தக் குழாய்களும் நிணநாளங்களும் பின்னிக் கிடக்கும் தளர்வான அடிப்படலம், உணவைக் கடையும் தசைப்படலம், அனைத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய வெளியுறை. புற்று முதல் இரண்டு படலங்களைத் தாண்டாமல் நின்றிருந்தால், அது எத்தனை அகலமாகப் படர்ந்திருந்தாலும், எத்தனை ஆண்டு பழையதாயினும், ஆரம்பநிலை என்றே பெயர் பெறும். ஜப்பானிய உள்நோக்கிச் சங்கத்தார் 1962-இல் வகுத்த இந்த இலக்கணத்தின் பிற்பகுதி பலராலும் மறக்கப்படுவது: நிணநீர்க் கணுக்களுக்குப் புற்று சென்றிருந்தாலும் செல்லாதிருந்தாலும் பெயர் மாறாது என்று அது சேர்த்தே சொல்கிறது. பரவியிருக்கக்கூடும் என்ற ஒப்புதல் பெயரைச் சூட்டியவர்களாலேயே பெயருக்குள் வைக்கப்பட்டிருக்க, அச்சொல் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் அந்த ஒப்புதல் மட்டும் உதிர்ந்துவிடுகிறது.

ஜப்பானில் இப்பெயர் பிறந்ததற்குக் காரணம் உண்டு. இரைப்பைப் புற்று அந்நாட்டில் மிகுதி. இரைப்பைக்குள் விழுங்கச் செய்து படமெடுக்கும் சிறு கேமரா 1950-இல் அங்கேதான் உருவாக்கப்பட்டது. 1960-களிலிருந்து பேரியம் என்னும் வெண்கரைசலைக் குடிக்கவைத்து, ஊர் ஊராகச் செல்லும் வண்டிகளில் எக்ஸ்ரே எடுத்து, எந்தத் துன்பமும் உணராதவர்களிடமே நோயைத் தேடும் வழக்கம் ஏற்பட்டது. அப்படித் தேடிக் கண்டவற்றுள் மேற்படலங்களோடு நின்றவற்றை அறுத்தெடுத்தவர்கள், நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர், ஐந்தாண்டுகள் கடந்தும் வாழ்ந்தனர். அந்த வெற்றியைத் தனியே குறிக்க ஒரு பெயர் வேண்டியிருந்தது.

தமிழகத்தின் நிலை வேறு. சென்னை நகரின் புற்றுநோய்ப் பதிவேடு 1980-களின் தொடக்கத்தில் கணக்கெடுக்கத் தொடங்கியபோது ஆண்களிடையே முதலிடத்தில் இருந்தது இரைப்பைப் புற்றுதான். பல ஆண்டுகள் அவ்விடத்திலேயே இருந்தது. எனினும் அதைத் தேடிப் போவதற்கு வண்டிகள் இல்லை. நோயாளிகள் தாங்களாகவே வந்தனர். வருவதற்கு முன் ‘அல்சர்’ என்று தாமே பெயரிட்டு, மருந்துக் கடையில் வாங்கிய இளஞ்சிவப்புக் கரைசலை ஓராண்டோ ஈராண்டோ குடித்து, மோரும் மணத்தக்காளிக் கீரையும் சாப்பிட்டுப் பார்த்து, சோறு இறங்காத நிலைக்கு வந்த பின்னரே வந்தனர். இக்கட்டுரையாளர் தென்மாவட்ட மருத்துவக் கல்லூரியொன்றின் நோய்க்கூறியல் துறையில், அதாவது அறுத்தெடுத்த திசுவை வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்து நோயின் பெயரையும் எல்லையையும் எழுதித்தரும் துறையில், பணியில் சேர்ந்த 1980-களின் பிற்பகுதியில், அறுவை அரங்கிலிருந்து பிளாஸ்டிக் வாளிகளில் ஃபார்மலினில் ஊறி வந்த இரைப்பைகள் பெரும்பாலும் தோல்பைபோல் விறைத்தும், சுவர் விரற்கடை அளவு தடித்தும், வெளியுறையில் வெண்புள்ளிகள் முளைத்தும் இருந்தவையே. ஆரம்பநிலை என்று எழுதத்தக்க இரைப்பை வருவது அங்கே அரிது. வந்த நாளில் முதுகலை மாணவர்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி அழைக்கப்பட்டனர்.

1994-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வந்தது அத்தகைய ஒன்று. அதற்கு உரியவர் ஐம்பத்திரண்டு வயதுப் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வேப்பமர நிழலில் மேசை போட்டுக் கிரயப் பத்திரங்களும் அடமானப் பத்திரங்களும் எழுதிவந்தவர். மலம் தார்போல் கறுத்துப் போனதையும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதையும் மூலநோய் என்று எண்ணியிருந்தவர், மகன் வற்புறுத்தியதால் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டார். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் ஆழமற்ற குழி ஒன்று இருந்தது. சுற்றியிருந்த மடிப்புகள் அதன் விளிம்பை அடைந்ததும் பென்சில் முனைபோல் கூம்பி நின்றன. அதிலிருந்து கிள்ளி எடுத்த திசுவில் புற்று உறுதியானது. இரைப்பையின் கீழ்ப் பெரும்பகுதி அகற்றப்பட்டு, எஞ்சிய மேற்பகுதி சிறுகுடலோடு இணைக்கப்பட்டது.

வாளியிலிருந்து எடுத்த இரைப்பையை அதன் நீண்ட வளைவின் வழியே கத்தரித்து விரித்து, தெர்மோகோல் பலகையில் குண்டூசி குத்தி, புண்ணிருந்த இடத்தைப் பட்டை பட்டையாக அறுத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரின் இருநூறில் ஒரு பங்கு கனத்தில் சீவிப் பார்த்தபோது, புற்று சளிப்படலத்தைத் தாண்டி அடிப்படலத்துக்குள் இறங்கியிருந்தது; தசையைத் தொடவில்லை. அடுத்த வேலை, இரைப்பையோடு ஒட்டி வந்த கொழுப்பில் நிணநீர்க் கணுக்களைத் தேடுவது. நிணநீர் என்பது திசுக்களின் இடையே கசியும் நீர்மம். அது நிணநாளங்களில் திரண்டு ஓடி, வழியில் அவரைவிதை அளவிலும் அதனினும் சிறியதாகவும் உள்ள கணுக்களில் வடிகட்டப்பட்டுச் செல்கிறது. உடலில் எங்கேனும் புண் வந்தால் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று ஊரார் சொல்வது இக்கணுக்கள் வீங்குவதைத்தான். புற்றணுக்கள் இடம்பெயர்ந்தால் முதலில் தங்கும் சத்திரம் பெரும்பாலும் இதுவாகையால், கணு பார்க்காமல் எழுதும் அறிக்கை பாதி அறிக்கை. துறைத்தலைவராயிருந்த மூத்த பேராசிரியர், கொழுப்பைக் கண்ணால் தேடக் கூடாது, உளுந்தில் கல் பொறுக்குவதுபோல் விரல் நுனியால் நசுக்கித் தேட வேண்டும் என்று சொல்லிச் சொல்லிச் சலித்தவர். அன்று தேடியவர் கட்டுரையாளர். மாலை நான்கு மணிக்கு மேல், மின்விசிறி நின்றுபோன அறையில், ஃபார்மலின் நெடியில் கண்ணெரிய, அவர் எடுத்தவை ஏழு கணுக்கள். ஏழிலும் புற்று இல்லை. அக்காலத்து விதிகளின்படி அதில் பெருங்குறை என்று எவரும் சுட்டியிருக்க முடியாது. கணுக்களின் எண்ணிக்கையைக் கொண்டு நிலையைக் கணிக்கும் முறையும், குறைந்தது பதினைந்து கணுக்களாவது பார்க்கப்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் பன்னாட்டுப் புற்றுநோய் வகைப்பாட்டில் 1997-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தன. ஆயினும் விதி வராததற்கும் விரல் சலித்ததற்கும் உள்ள வேறுபாடு அன்றைக்கே தேடியவருக்குத் தெரியாததன்று.

அறிக்கை ஆங்கிலத்தில் தட்டச்சாகிச் சென்றது. வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் அறுவை மருத்துவர் அதன் சாரத்தைத் தமிழில் எழுதினார்: ஆரம்பநிலைப் புற்று, முழுமையாக அகற்றப்பட்டது, கணுக்களில் பரவல் இல்லை. மூன்று தொடர்களும் உண்மையே. பத்திர எழுத்தர் அச்சீட்டோடு நோய்க்கூறியல் துறையையே தேடி வந்துவிட்டார். நோயாளிகள் வராத துறை அது. படிக்கட்டின் கீழே, பிணவறைக்குப் போகும் நடைவழியில் இருந்தது. சொற்களால் பிழைப்பவராகையால் சொற்களின் எல்லை அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. ‘முழுமையாக’ என்றால் எதில் முழுமை என்று கேட்டார். அறுத்தெடுத்த துண்டின் இரு ஓரங்களிலும் புற்று இல்லை என்பதே அதன் பொருள் என்று விளக்கப்பட்டது. மறுபடி வருமா என்று கேட்டதற்கு, இவ்வகையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நலமாக இருக்கிறார்கள் என்ற விடை கிடைத்தது. அவர் தலையசைத்து, அப்படியென்றால் வில்லங்கம் இல்லை என்று தாமே முடித்துக்கொண்டார். கட்டுரையாளர் சிரித்தார், மறுக்கவில்லை.

அவர் மறுக்க விரும்பியிருந்தால் சொல்லியிருக்கக்கூடியது இது. ஆரம்பநிலை இரைப்பைப் புற்று அறுவைக்குப் பின் மீளுவது அரிதே. ஜப்பானின் பெரிய மருத்துவமனைகளின் தொகுப்புகளில் அது நூற்றில் ஒருவர் முதல் மூவர் வரை என்ற அளவில் நிற்கிறது. ஆனால் அந்த அரிது எல்லோருக்கும் ஒரே அளவில் பங்கிடப்படுவதில்லை. 2000-ஆம் ஆண்டில் தகாஷி கோதோதாவும் உடன் பணியாற்றியவர்களும் தோக்கியோவின் இரண்டு புற்றுநோய் மருத்துவமனைகளில் அறுவை செய்யப்பட்ட 5265 பேரின் இரைப்பைகளை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கின்படி, புற்று சளிப்படலத்தோடு நின்றவர்களில் கணுப் பரவல் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு. அடிப்படலத்துக்குள் இறங்கியவர்களிலோ நூற்றுக்கு ஏறத்தாழ பதினெட்டு. இரண்டுக்கும் ஒரே பெயர். பெயரின் உள்ளே ஒன்பது மடங்கு வேறுபாடு. அடிப்படலத்திலும் அரை மில்லிமீட்டருக்குள் நின்றதா, அதைக் கடந்ததா என்று பின்னர் அளந்து பிரித்தனர். மட்டைக் காகிதத்தின் தடிப்பே உள்ள அந்த அரை மில்லிமீட்டர், வாய்வழிக் குழாயினாலேயே புண்ணைச் சீவியெடுத்து இரைப்பையைக் காப்பாற்றலாமா, வயிற்றைத் திறக்க வேண்டுமா என்று முடிவு செய்வதற்கான கோடுகளுள் ஒன்றாக இன்று இருக்கிறது.

இரைப்பைக்குரிய ஒரு தனித்தன்மையும் இதில் உண்டு. பெருங்குடலின் சளிப்படலத்தில் நிணநாளங்கள் மிகக் குறைவாகையால், அங்கே அப்படலத்துக்குள் நிற்கும் புற்று அநேகமாகப் பரவுவதே இல்லை. இரைப்பையிலோ சளிப்படலத்தின் அடித்தளத்திலேயே நிணநாளங்கள் தொடங்கிவிடுகின்றன. அடிப்படலத்தில் அவை வலையாக விரிகின்றன, உடன் நுண்சிரைகளும் ஓடுகின்றன. வீட்டு வாசலைத் தாண்டாமலே ஆற்றில் கால் வைத்துவிடக்கூடிய கட்டடம் அது.

பத்திர எழுத்தர் முதலிரண்டு ஆண்டுகள் ஒழுங்காக மறுபரிசோதனைக்கு வந்தார். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரித்துக்கொண்டார். இனிப்பான பாயசமோ சர்க்கரை மிகுந்த காப்பியோ குடித்தால், எஞ்சிய சிறு இரைப்பை அதைத் தேக்கிவைக்க இயலாமல் குடலுக்குள் கொட்டிவிட, வியர்த்துப் படபடத்து உட்கார வேண்டியிருந்ததால், கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தியில் மோர்சோறு மட்டும் உண்ணும் பழக்கம் வந்தது. மூன்றாம் ஆண்டில் வரவு குறைந்தது. ஐந்தாம் ஆண்டு முடிந்ததும் நின்றது. ஐந்தாண்டு கடந்தால் பிழைத்ததாகக் கொள்ளும் வழக்கம் மருத்துவர்களிடமிருந்து மக்களுக்குச் சென்றதே. அதற்காக அவரைக் குறைகூற வழியில்லை. முற்றிய இரைப்பைப் புற்று மீளுமானால் பெரும்பாலும் முதலிரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டுவிடுகிறது. ஆரம்பநிலையில் தொடங்கியது மீளும்போதோ, அது ஐந்தாண்டுக் கோட்டை மதியாமல் ஆறாம் ஆண்டிலும் எட்டாம் ஆண்டிலும்கூட வருவதுண்டு.

2000-ஆம் ஆண்டில் அவர் திரும்பி வந்தபோது வேட்டியை இடுப்பில் இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியிருந்தார். வலது விலாவின் கீழே கனம், மாலைக் காய்ச்சல், பசியின்மை. ஸ்கேனில் கல்லீரலில் நான்கு உருண்டைகள் தெரிந்தன. ஊசி செலுத்தி உறிஞ்சிய அணுக்கள் கண்ணாடித் தட்டில் பரப்பப்பட்டு, பெயர் அறியப்படாமலேயே கட்டுரையாளரின் மேசைக்கு வந்தன. சுரப்பி வடிவில் கூடிநிற்கும் அந்த அணுக்களைக் கண்டதும் முதலிடம் எது என்று கேட்டு மருத்துவமனைச் சீட்டைப் புரட்டிய பின்னரே ஆறாண்டுக்கு முந்தைய எண் தெரியவந்தது.

பழைய மெழுகுப் பாளங்கள் மரப்பெட்டிகளில் ஆண்டு வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. 1994-ஆம் ஆண்டுப் பெட்டியில் கரையான் ஏறாமலிருந்தது நற்பேறு. புண்ணிருந்த பாளங்கள் ஆறையும் மறுபடி சீவ வேண்டும் என்று கட்டுரையாளர் பணித்தார். முதலில் பார்த்த தளத்துக்கும் கீழே, படிப்படியாக, ஒவ்வொன்றிலும் பத்துத் தளங்கள். ஊழியர் முணுமுணுத்தார், செத்த பாளத்தை இப்போது சீவி என்ன காணப்போகிறார்கள் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மூன்றாம் பாளத்தின் ஏழாம் தளத்தில், அடிப்படலத்தில், நுண்சிரை ஒன்றின் குறுக்குவெட்டுக்குள் புற்றணுக்களின் சிறு கொத்து, ஊதாநிறக் கருக்களோடு, சுவரின் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1994-இல் பார்த்த தளத்தில் அந்தச் சிரை வெறுமையாக இருந்தது. பழைய கண்ணாடித் தட்டை எடுத்து அருகில் வைத்துப் பார்த்தபோது அதே சிரை, அதே வளைவு, உள்ளே ஒன்றுமில்லை. இடைப்பட்ட தூரம் தாளின் கனத்தைவிட அதிகமில்லை. கணுக்களைத் தேடிய கொழுப்பின் மிச்சத்தை மறுபடி பார்க்க வழியில்லை; அறிக்கை கையெழுத்தான சில வாரங்களில் வாளிகள் காலி செய்யப்படுவது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்.

அந்தக் கொத்துதான் கல்லீரலுக்குப் போனது என்று சொல்ல முடியாது. அது போகாமல் நின்றதாகையால்தான் கண்ணில் பட்டது. அதன் முன்னே சென்றவை எவை என்பதே வினா. இரைப்பையின் சிரைகள் நேரே இதயத்துக்குச் செல்வதில்லை. இரைப்பை, குடல், மண்ணீரல் ஆகியவற்றின் இரத்தம் அனைத்தையும் திரட்டும் போர்ட்டல் சிரை கல்லீரலுக்குள் நுழைந்து மறுபடியும் நுண்குழல்களாகப் பிரிகிறது. குடல் உறிஞ்சிய சத்தைக் கல்லீரல் பார்வையிட ஏற்பட்ட அந்த அமைப்பே, சிரைக்குள் நழுவிய புற்றணுவுக்கும் முதல் நிறுத்தமாகிறது. ஆரம்பநிலைப் புற்று மீளும் இடங்களில் கல்லீரல் முன்னிற்பதற்கு இதுவே பெருங்காரணம். முற்றிய புற்றில் மிகுதியாகக் காணப்படும் வயிற்றறை உறைப் பரவல் இங்கே குறைவு; வெளியுறையைத் துளைத்து வெளியே உதிர்ந்தால்தான் அணுக்கள் அவ்வறையில் விதையாகும், ஆரம்பநிலையிலோ அவை தசையையே எட்டவில்லை.

விதை என்ற சொல் மருத்துவத்தில் பழையது. 1889-இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், புற்று எங்கும் சமமாகப் பரவாமல் சில உறுப்புகளைத் தேர்ந்தெடுப்பதை விதைக்கும் நிலத்துக்கும் உள்ள பொருத்தமாக விளக்கினார். விழுந்த விதை ஆறாண்டு ஏன் சும்மா கிடந்தது என்பதற்கு அவரிடம் விடையில்லை. 1971-இல் அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன் முன்வைத்த கருத்து அதில் ஒரு பகுதியை விளக்குகிறது: புற்றுக்கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் தனக்கென இரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்ள வேண்டும், அது இயலாதவரை பிறப்பும் இறப்பும் சமமாகி, கட்டி அளவு மாறாமல் கிடக்கும். ஸ்கேனுக்குத் தெரியாது, இரத்தப் பரிசோதனையிலும் பெரும்பாலும் காட்டாது. பின்னர் என்றோ ஒருநாள் அச்சமநிலை குலைகிறது. எதனால் குலைகிறது என்று நோயாளிகள் கேட்பர். சாப்பிட்ட கோழிக்கறியையும், பட்ட கவலையையும், யாரோ வைத்த செய்வினையையும் காரணமாக அவர்களே சொல்லியும் கொள்வர்.

மீட்சி என்பது இரைப்பை அறுவையோடு உடன்பிறந்ததும்கூட. 1881 சனவரி 29 அன்று வியன்னா நகரில் தியோடர் பில்ரோத், தெரெசா ஹெல்லர் என்ற நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணின் இரைப்பையின் கீழ்ப்பகுதியைப் புற்றுக்காக அறுத்தெடுத்துக் குடலோடு இணைத்தார். அவ்வறுவையைத் தாங்கிப் பிழைத்தெழுந்த முதல் நோயாளி அவர். மருத்துவ வரலாறுகள் அந்நாளை வெற்றி நாளாகக் கொண்டாடுகின்றன. ஏறத்தாழ நான்கு மாதங்களில் புற்று பரவி அப்பெண் இறந்தார் என்பதைப் பாடநூல்கள் அடுத்த வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அவருடையது ஆரம்பநிலை அன்று. வெளியிலிருந்தே தொட்டறியத்தக்க கட்டி. இருப்பினும் தையல் ஆறுவதும் நோய் ஆறுவதும் வேறு வேறு என்ற பாடம் முதல் நோயாளியிடமே கிடைத்துவிட்டது.

கட்டுரையாளரின் நினைவில் வேறு சிலரும் உள்ளனர். அறுவைக்கு நான்காண்டுகளுக்குப் பின் முதுகுவலி என்று எலும்பு மருத்துவரிடம் போன நாற்பது வயது ஆசிரியை ஒருவருக்கு, இரத்தத் தட்டணுக்கள் சரிந்ததால் எலும்பு மச்சையை உறிஞ்சிப் பார்த்தபோது, கருவை ஒரு மூலைக்குத் தள்ளி மோதிரம்போல் தோன்றும் அணுக்கள் மச்சையை நிறைத்திருந்தன. ஃபின்லாந்தின் பெக்கா லௌரென் 1965-இல் இரைப்பைப் புற்றைக் குடல்வகை, சிதறல்வகை என இரண்டாகப் பிரித்தார். சுரப்பிகளாகக் கூடி வளரும் முதல்வகை கல்லீரலை நாடுவதும், தனித்தனியாய் ஊடுருவும் மோதிர அணுக்களைக் கொண்ட இரண்டாம் வகை வயிற்றறை உறையையும், பெண்களில் சூலகத்தையும், சில வேளைகளில் எலும்பையும் நாடுவதும் அதன் பின்னரே தெளிவாகத் தொகுக்கப்பட்டன. இன்னொருவர், நெசவுத் தொழிலாளி; எஞ்சிய இரைப்பையில் ஒன்பதாம் ஆண்டில் மறுபடி புற்று வந்தது. அதை மீட்சி என்று எழுதக் கூடாது என்று கட்டுரையாளர் மாணவர்களோடு வாதிட வேண்டியிருந்தது. பழைய புற்றின் எச்சம் வளர்வது மீட்சி. அதே வயலில் புதிதாக முளைப்பது வேறு. ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் கிருமி, 1994-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையால் புற்றுக் காரணியாக அறிவிக்கப்பட்டது, சளிப்படலம் முழுவதையும் பல்லாண்டு அழற்சியில் வைத்திருப்பதால், ஒரு மூலையை அறுத்தெடுத்தாலும் மீதி நிலம் கெட்ட நிலமாகவே இருக்கிறது. குழாய்வழி புண்ணைச் சீவிய பின் அக்கிருமியை மருந்தால் ஒழித்தவர்களுக்குப் புதிய புற்று வருவது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததை ஜப்பானிய ஆய்வு ஒன்று 2008-இல் காட்டியது. நெசவாளி இரண்டாம் அறுவைக்குப் பின்னும் நெடுநாள் தறியில் இருந்தார். எது மீட்சி, எது புதியது என்று பிரித்தறிவதில் ஒருவரின் மிச்ச வாழ்நாள் அடங்கியிருப்பதால், பெயரிடும் துறையின் சண்டைகள் வெறும் சொற்சண்டைகள் அல்ல.

பத்திர எழுத்தர் இரண்டாம் முறையும் படிக்கட்டின் கீழிருந்த அத்துறைக்கு வந்தார். பழைய சீட்டை நான்காக மடித்துக் கல்யாணப் பத்திரிகை உறையொன்றில் வைத்திருந்தார். ‘முழுமையாக’ என்ற சொல்லின் கீழே சிவப்பு மையில் கோடு இருந்தது. சண்டையிட வந்திருக்கிறார் என்று எண்ணிய ஊழியர் வாசலிலேயே நின்றார். கட்டுரையாளர், எவரும் கேட்காதபோதே, மூன்றாம் பாளத்தில் கண்டதைச் சொன்னார். கணுக்கள் ஏழே பார்க்கப்பட்டதையும், இன்னும் சில அக்கொழுப்பில் இருந்திருக்கக்கூடும் என்பதையும் சொன்னார். பார்த்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்ற கேள்விக்கு நேர்மையான விடை சிறியதாகவே இருந்தது: அடிக்கடி ஸ்கேன் எடுத்திருக்கலாம், உருண்டை ஒன்றாக இருந்தபோதே கண்டிருக்கலாம், ஒன்றாக இருந்தால் சில வேளைகளில் அறுத்தெடுக்க முயல்வதுண்டு. அறுவைக்குப் பின் தரும் மருந்துகள் கணுக்களில் பரவல் கண்ட முற்றிய நிலைகளுக்கே பின்னாளிலும் பயன்தரக் கண்டறியப்பட்டன. சிரையில் ஒரு கொத்து என்பதற்காக மட்டும் அன்று எவரும் மருந்து கொடுத்திருக்கமாட்டார்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு தம் தொழிலின் மொழியில் விளக்கத் தொடங்கினார். நிலம் வாங்குபவர் சார்பதிவாளரிடம் வில்லங்கச் சான்று கேட்கும்போது எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். பதின்மூன்று ஆண்டுக்குக் கேட்டால் பதின்மூன்று ஆண்டுப் பதிவேட்டைத்தான் புரட்டுவர். அதற்கு முன்னர் இருந்த அடமானமும், பதிவே ஆகாமல் வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்ட ஒப்பந்தமும் அச்சான்றில் தோன்றா. “தேடின அளவுக்கு வில்லங்கம் இல்லைன்னுதான் ஐயா அதுக்கு அர்த்தம். நான் எத்தனை பேருக்கு இதைப் படிச்சுச் சொல்லியிருக்கேன், எனக்குன்னு வந்தப்ப மறந்துட்டேன்,” என்றார். இன்னொன்றும் சொன்னார்: கிரயப் பத்திரத்தில் பின்னாளில் வில்லங்கம் தோன்றினால் விற்றவரே தம் செலவில் தீர்த்துத்தருவதாக ஒரு வாசகம் கட்டாயம் எழுதப்படும், மருத்துவ அறிக்கையில் அது இல்லாததை அவர் ஆறாண்டுகளுக்கு முன்பே கவனித்திருந்தாராம். குறையாகச் சொன்னாரா வேடிக்கையாகச் சொன்னாரா என்பது கட்டுரையாளருக்கு இன்றளவும் விளங்கவில்லை.

அத்துறையின் அறிக்கைப் படிவத்தில் அவ்வாண்டே இரண்டு வரிகள் சேர்ந்தன. பார்க்கப்பட்ட கணுக்களின் எண்ணிக்கை ஒன்று. நிணநாளத்திலும் சிரையிலும் புற்றணுக்கள் உண்டா என்பதும், எத்தனை தளங்களில் பார்க்கப்பட்டது என்பதும் மற்றொன்று. படிவம் நீண்டதாகத் தட்டச்சர் வருந்தினார். கணுக்கள் பதினைந்தை எட்டாதபோது கொழுப்பு வாளியைக் கொட்டக் கூடாது என்ற கட்டளையும் அப்போது வந்தது. பன்னிரண்டோடு எழுந்துவிட்ட மாணவர்கள் மறுநாள் காலை திருப்பி உட்காரவைக்கப்பட்டனர்.

புற்றணுக்களைத் தாக்கும் மருந்தைச் சிரைவழி இரண்டு சுற்று ஏற்றிக்கொண்ட பத்திர எழுத்தர், வாய்ப்புண்ணும் வாந்தியும் தாங்காமல் மூன்றாவதை மறுத்துவிட்டார். தைப்பொங்கலுக்குப் பிந்தைய வாரத்தில் மகனைக் கூட்டிக்கொண்டு கட்டுரையாளரின் வீட்டுக்கு வந்தார். கண்ணின் வெண்பகுதி மஞ்சளோடியிருந்தது. கையில் உயில். வேறொருவரிடம் எழுதக் கொடுக்க மனமின்றித் தாமே எழுதியிருந்தார். நான்கெல்லை, அளவு, சர்வே எண் எல்லாம் முத்து முத்தான எழுத்தில். நல்ல நினைவோடு எழுதியதற்கு மருத்துவர் ஒருவரும் சாட்சியாக இருந்தால் பின்னர் பிள்ளைகளுக்குள் வழக்கு வராது என்றும், தமக்குப் பழக்கமான மருத்துவர் இவர் ஒருவரே என்றும் சொன்னார். கட்டுரையாளர் திண்ணையில் அமர்ந்து இரண்டாம் சாட்சியாகக் கையெழுத்திட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். பத்திர எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் படித்துப் பார்த்தார். தந்தையின் பெயரும் கதவு எண்ணும் விடுபட்டிருக்கின்றன என்று சொல்லிப் பேனாவோடு தாளை மறுபடி நீட்டி, அவையும் எழுதப்படும்வரை காத்திருந்து, மை உலர்ந்த பின்னர் மடித்து உறைக்குள் வைத்தார்.